பாதி ஷட்டர்

காவல் பெரியவர் டார்ச் அடித்து உள்ளே பார்த்துவிட்டுப் போகும்வரை அந்தத் தெருவில் எந்தக் கடைக்காரரும் ஷட்டரை முழுவதுமாக இறக்குவதில்லை. இப்படி ஒரு விதியை யாரும் எழுதிவைக்கவில்லை. சங்கக் கூட்டத்தில் யாரும் முன்மொழிந்ததுமில்லை. ஆனால் பொழுது சாயும் நேரத்தில் அங்கே நின்று பார்த்தால், தெருவின் இரு பக்கமும் ஷட்டர்கள் இடுப்பளவுக்கு இறங்கி, தூக்கம் சொக்கும் கண்களைப் போலப் பாதி மூடி நிற்கும். கடைக்காரர்கள் சாவியை விரலில் சுழற்றியபடி வாசலில் காத்திருப்பார்கள். பெரியவர் ஒவ்வொரு கடை முன்னாலும் குனிவார். வெளிச்சம் உள்ளே போய்ச் சுவர்களைத் தடவிவிட்டுத் திரும்பும். "சரி" என்பார். அதற்குப் பிறகுதான் தகரம் தரையைத் தொடும்.

வழக்கம் நெருப்பில் பிறந்தது. அணைக்க மறந்த ஓர் இஸ்திரிப் பெட்டி முன்பொரு முறை ஒரு கடையை முழுதாகத் தின்றது. தீயணைப்புக்கென்று ஆண்டுதோறும் வரி வாங்கிய நகராட்சியின் வண்டி, சாம்பல் ஆறிய பிறகு வந்து சேர்ந்தது. அன்றைக்குத்தான் பெயின்ட் கடைக்காரர் தெருவைக் கூட்டிச் சங்கம் தொடங்கினார். கடைக்கும் மெஷினுக்கும் ஏற்பப் பங்கு போட்டுத் தெருவுக்கென்று விளக்குகள், மணல் வாளிகள், ஒரு காவல்காரர் என்று ஏற்பாடு செய்தார். யாரிடமும் மனுக் கொடுக்கவில்லை. தெரு அவரைத் தலைவராக்கிக்கொண்டது.

தலைவருக்குப் பேச வரும். பெயின்ட் டப்பாவின் மூடியை நெம்பிக்கொண்டே பேசுவார். "அரசாங்கம்னா வாசல்ல நிக்கணும். திருடன் வந்தா பிடிக்கணும், ரோடு போடணும், வழக்கு வந்தா தீர்க்கணும். அதுக்கு மேல நம்ம வீட்டுக்குள்ள அதுக்கு என்ன வேலை? உள்ள விட்டா முதல்ல உக்காரும், அப்புறம் படுக்கும், கடைசில நம்மளையே எந்திரிச்சு வெளிய போகச் சொல்லும்."

இதைத் தெரு தலையாட்டிக் கேட்டது. அவருடைய தங்கை மட்டும் வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்து நம்பினாள். அவள் அதே தெருவில் வண்டி இருக்கைகளுக்கு உறை தைப்பவள். கணவர் லாரி ஓட்டிக்கொண்டு மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். கை உழைத்துச் சேர்த்தது கைக்கே சொந்தம். மற்றவருக்குக் கொடுப்பது கொடுப்பவர் மனத்திலிருந்து வர வேண்டும். இந்த இரண்டையும் அண்ணனிடமிருந்துதான் கற்றாள் என்பதில் அவளுக்குப் பெருமையும் உண்டு.

பள்ளிப் படிப்பு முடிந்த மகளை வெளியூர் ஆலைக்கு அனுப்பாமல் தன் பக்கத்திலேயே உட்காரவைக்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே திட்டம். அதற்காகத் தவணையில் இரண்டாவது மெஷின் ஒன்றை எடுத்தாள். கனத்த ரெக்சினைக்கூடச் சிரமமில்லாமல் தைக்கும் மெஷின். தெரு சாப்பிடப் போயிருந்த மதிய நேரத்தில், எதிர்க்கடை லேத்துக்காரனின் உதவியோடு அதை உள்ளே கொண்டுவந்தாள். பின்சுவரோரம் நிறுத்திப் பழைய திரையைப் போர்த்தினாள். முன்னால் ஸ்பாஞ்சுச் சுருள்களை நிற்கவைத்தாள். மறைத்தது யாரிடமிருந்து என்பது அவளுக்கு ஐயமில்லாமல் தெரியும். அந்த வாரம்தான் நகராட்சி ஆள் வரி போட அளவு நாடாவோடு தெருவில் நடந்துகொண்டிருந்தார். அவர் வரும் நாளில் தெருவே வறுமையில் வாடும். லேத்துக்காரன் பாதி விளக்கை அணைத்துவிட்டுக் கிழிந்த சட்டையை மாட்டிக்கொள்வான்.

நாடாக்காரர் எதையும் கண்டுபிடிக்காமல் போனார். பங்கு வசூலிக்கும் நாளில் அண்ணன் வந்தார்.

"இந்த மாசத்துலேர்ந்து உனக்கு ரெண்டு பங்கு."

"எதுக்குண்ணே?"

"மெஷினுக்கு ஒரு பங்கு. அதானே வழக்கம். உன்கிட்ட இப்போ ரெண்டு இருக்கே."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் கண் சுருள்களுக்குப் பின்னால் போய்விடும் என்று பயந்தாள். "யாரு சொன்னா?"

"சங்கத்துக்குத் தெரியும்" என்றார் அண்ணன்.

பங்கு இரட்டித்தால் தவணை நிற்கும். தவணை நின்றால் மெஷின் வந்த வழியே போகும். மகளுக்கு ஆலைப் பேருந்துதான். இதைவிட அவளை உறுத்தியது வேறொன்று: மெஷின் வந்த சேதி தெரிந்த வெளியாள் ஒருவன்தான். எதிரே லேத்தின் முன் குனிந்து விசிலடித்துக்கொண்டிருந்தான் அவன்.

ஒரு நாள் அவள், மறுநாள் அவன் என்று இருவரும் மாறி மாறி டீ வாங்குவது வழக்கம். அவள் முறை வந்தது, டீ போகவில்லை. முக்காலியைத் திருப்பிப் போட்டுத் தெருவுக்கு முதுகு காட்டித் தைத்தாள். சந்தேகம் வந்துவிட்டால் கண்ணுக்கு வேலை கூடிப்போகிறது. அவன் அண்ணனோடு சிரித்துப் பேசியது, வாசலில் நின்று அவள் கடையை நோட்டம் விட்டது, முன்பு கவனிக்காத எல்லாம் இப்போது சாட்சி சொன்னது.

அவனே வந்தான். "என்னக்கா, உங்க முறை டீயக் காணோம். நமக்குள்ள ஏதாச்சும் வேலைநிறுத்தமா?"

"மெஷினைத் தூக்கினது நீ. அதை அண்ணன் காதுல ஊதினதும் நீயாத்தான் இருக்கணும்."

அவன் இடுப்பில் கை வைத்தான். "தூக்கினதுல இடுப்பு பிடிச்சுக்கிச்சு, அது நெஜம். ஊதினதுக்கு எனக்கு என்ன கூலி? உங்க அண்ணன் ஒரு டப்பா பெயின்ட்டு கொடுத்தாரா? என் கடைச் சுவரப் பாருங்க, அப்படித் தெரியுதா?"

"சிரிக்காதே தம்பி."

"சிரிக்கலக்கா." அவன் வாசலுக்குப் போய், ஷட்டரை இடுப்பளவுக்கு இழுத்துவிட்டு வெளியே நின்று குனிந்து பார்த்தான். பெரியவர் குனியும் அதே இடம். "மெஷின் தெரியல. சுருள்தான் தெரியுது. ஆனா மேல ஒரு பல்பு தொங்குதே."

மகள் உட்காரப்போகும் இடத்துக்காக அவளே தாழ்வாகத் தொங்கவிட்ட பல்பு அது.

"ஸ்பாஞ்சுச் சுருளுக்கு வெளிச்சம் காட்டி என்ன ஆகப்போகுது? கீழ வேலை நடக்கிற எடத்துக்குத்தான் பல்பு இவ்வளவு இறங்கும்."

"பெரியவர் பல்பு அணைஞ்சிருக்கான்னுதானே பார்க்கிறார்?"

"ஆமா. பல்பைத்தான் பார்க்கிறார்" என்றான் அவன்.

அவளுக்கு அது பிடிபடவில்லை, பிடிபட விரும்பவுமில்லை. பெரியவர் நெருப்புக்கு வைத்த ஆள். அவர் டார்ச்சைச் சந்தேகிப்பது மணல் வாளியைச் சந்தேகிப்பது போல. தெரு முழுவதும் இந்த ஒரு தவறைத்தான் செய்துகொண்டிருந்தது: வெளியே நாடாவோடு வருபவரைக் கண்டால் கதவை மூடப் பழகியிருந்தவர்கள், தங்கள் பங்கில் வாங்கிய டார்ச்சுக்குத் தினமும் குனிய இடம் விட்டு நின்றார்கள்.

"என்னை நம்ப வேணாம்" என்றான் லேத்துக்காரன். "என் கடை மூலையில ஓட்டை டிரம் ஒண்ணு கிடக்கு. அதுக்கு ஒரு தார்ப்பாய் போர்த்தி, மேல ஒரு பல்பு மாட்டுறேன். விஷயம் உங்களுக்கும் எனக்கும் மட்டும். எனக்குப் புது லேத்து வந்த சேதி உங்க அண்ணன் காதுக்குப் போகுதான்னு பார்ப்போம்."

அவள் சம்மதித்தாள். ஆனால் சந்தேகம் முழுவதும் விடவில்லை. ஊதியவன் இவனாகவே இருந்தால், இந்தச் சோதனையும் இவன் போடும் நாடகம்தானே? தன்னைப் பற்றித் தானே கோள் சொல்லிக்கொள்ள அவனால் முடியாதா? அந்த நாட்களில் அவள் தைத்த உறைகளில் தையல் கோணிக்கொண்டே போயிற்று. மகளிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த கூட்டம் வழக்கம்போலப் பெயின்ட் கடையின் பின்கட்டில், டப்பா அடுக்குகளுக்கு நடுவே நடந்தது. தலைவர் ஒவ்வொரு கடையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். "லேத்துக் கடை, இந்த மாசம் ரெண்டு பங்கு."

"என்ன கணக்குல தலைவரே?" என்றான் லேத்துக்காரன்.

"புது மெஷின் வந்திருக்கில்ல."

"வந்திருக்கிறது ஓட்டை டிரம்முங்க. தண்ணி கூட நிக்காது. அதுக்கும் பங்கு உண்டுன்னா சொல்லுங்க, கட்டிடறேன்."

சிலர் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. ஒருவர் பின் ஒருவராகக் கதவோரம் திரும்பினார்கள். அங்கே நின்றிருந்த பெரியவர் டார்ச்சை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"பார்த்துச் சொல்லச் சொன்னாங்க, சொன்னேன்" என்றார். "தார்ப்பாய்க்குள்ள கைய விட்டா பார்க்க முடியும்?"

பூட்டுக் கடைக்காரரும் ரேடியோ ரிப்பேர்க்காரரும் ஒருவரை ஒருவர் சங்கத்திடம் காட்டிக்கொடுத்ததாக நினைத்து ஓராண்டாய் முகம் பார்த்துப் பேசாதவர்கள். இருவரும் இப்போது ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். அவள் லேத்துக்காரனைப் பார்த்தாள். நாளை டீ தன் முறை என்று நினைத்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு அண்ணனும் தங்கையும் மட்டும் இருந்தார்கள்.

"டார்ச் நெருப்புக்குத்தானேண்ணே?"

"நெருப்புக்கும்தான்." அவர் ஒரு டப்பாவை இடம் மாற்றி வைத்தார். "வாயால கேட்டா யார் உண்மையச் சொல்றீங்க? நீயே சொன்னியா? போன காத்துல கூரை பறந்துச்சே ஒருத்தருக்கு, யார் புதுசா போட்டுத் தந்தா? சங்கம். அந்தப் பணம் வானத்துலேர்ந்தா வந்தது?"

"அந்த நாடாக்காரரும் இதையேதான் சொல்வாரு."

அவர் முகம் சிவந்தது. "என்னை அவனோட சேர்த்துப் பேசறியா? நான் உன் கூடப் பொறந்தவன்."

"அதான்ண்ணே பயமா இருக்கு. அவர் வந்தா மூடி வெக்கத் தெரியுது. உனக்கு முன்னால மூடத் தெரியாமப் போச்சு."

"தங்கச்சிக்கு ஒரு நியாயம், தெருவுக்கு ஒரு நியாயம்னு என்னால வெக்க முடியாது."

"வெக்க வேணாம். யாருக்கும் எட்டிப் பார்க்காதே. இன்னாருக்குக் கூரை போச்சுன்னு வந்து கேளு. என்னால முடிஞ்சதை நானே கொண்டு வந்து தர்றேன்."

"கேட்டா தருவாங்கங்கிற? இந்த ஜனங்களா?"

"இந்த ஜனங்களைத்தானேண்ணே நம்பச் சொன்னே. சர்க்கார் வேணாம், நாமளே போதும்னு."

அவர் ஒரு டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். அவர் பொய்யர் அல்லர். அவர் கைக்குச் சங்கப் பணம் ஒரு காசு போனதில்லை என்பது அவளுக்கும் தெரியும். நல்லவர் கையில் இருக்கிறது என்பதற்காகத்தான் தெரு அந்த டார்ச்சை இவ்வளவு காலம் கவனிக்காமல் விட்டிருந்தது.

"ரெண்டு பங்கு" என்றார் கடைசியில். "சங்கத்தோட முடிவு."

மறுநாள் அவள் மெஷினின் போர்வையை எடுத்து மடித்தாள். சுருள்களை ஓரம் தள்ளினாள். மகள் புது மெஷினில் உட்கார்ந்து, துண்டு ரெக்சினில் நேர்கோடு தைத்துப் பழகினாள். பகல் முழுவதும் தெருவில் போனவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். லேத்துக்காரனுக்கு இரண்டு முறை டீ போனது.

பொழுது சாய்ந்தது. ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இடுப்பளவுக்கு இறங்கி நின்றன. அவள் இரண்டு பல்பையும் அணைத்தாள். மெஷின்களின் பிளக்கைப் பிடுங்கினாள். இஸ்திரிப் பெட்டியின் அடியில் கை வைத்து, குளிர்ந்திருப்பதைப் பார்த்தாள். மணல் வாளியை வாசலுக்கு வெளியே எடுத்து வைத்தாள். மகளை வெளியே வரச் சொன்னாள்.

பக்கத்துக் கடை வாசலில் பெரியவர் "சரி" என்று நிமிர்ந்தபோது, அவள் ஷட்டரின் பிடியில் இரு கைகளையும் வைத்து இழுத்தாள். தகரம் தரையில் மோதிய சத்தம் தெருவின் கடைசிவரை போயிற்று. சாவிகள் சுழல்வது நின்றது. தெருக்கோடியில், பாதி இறங்கிய தன் ஷட்டரின் முன்னால், அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

பெரியவர் வந்தார். பழக்கத்தில் குனிந்தார். டார்ச் வெளிச்சம் தகரத்தில் பட்டு அவர் முகத்துக்கே திரும்பியது.

"இன்னும் பார்க்கலையேம்மா."

"நான் பார்த்துட்டேன் ஐயா, நெருப்பு இல்லை" என்றாள் அவள், அண்ணனுக்கும் கேட்கும் குரலில். "நீங்க தெருவைப் பார்த்துக்குங்க. உள்ள நான் பார்த்துக்கிறேன்."

மகள் பூட்டை நீட்டினாள். அவள் குனிந்து பூட்டினாள்.