கஷாய வீட்டின் பதினெட்டு டிகிரி

1

இந்தக் கதையை எழுத வந்த காரணத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். காரைக்கால் கோவில்பத்தில் எங்கள் வீட்டுக்குக் 'கஷாய வீடு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம், ஒரு நாள்கூடத் தாமதமாகப் போகாதவனின் வீட்டுக்கு இந்தப் பெயர். கூரியர்காரர்கூட அப்படித்தான் விசாரித்துக்கொண்டு வருகிறார். சண்டை போட்டுப் பெயரை அழிக்க முடியாது. எழுதிப் பார்க்கலாம்.

கதாநாயகர் தெட்சிணாமூர்த்தி. அது நான்தான். ஆனால் சொந்த வீட்டுச் சங்கதியை 'நான், நான்' என்று எழுதுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. ஆகவே இனி 'அவர்'.

2

தொடக்கம், முதல் முயற்சி: "கடலிலிருந்து வந்த குளிர்ந்த காற்று காரைக்காலைத் தாலாட்டிக்கொண்டிருந்த அந்த…"

மே மாதத்தில் ஏது குளிர்ந்த காற்று? அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "சிவப்பு வைன் என்பது கறுப்புத் திராட்சையின் தோலோடு…"

பள்ளிக்கூடக் கட்டுரை. அதையும் அடித்தேன். நேராகச் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் மாதம் தெட்சிணாமூர்த்தியின் மகள் நித்யஸ்ரீக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் தகப்பனார் நடராசன் புதுச்சேரிக்காரர். நாற்பது வருடமாகப் பாரிஸ் பக்கம் வாசம். வரும்போது இரண்டு பாட்டில் சிவப்பு வைன் கொண்டுவந்தார். தெட்சிணாமூர்த்தி குடிப்பவர் அல்ல. (இந்த வாக்கியத்தை இரண்டு முறை படிக்கவும்.) ஆனால் வெளியூர்க்காரர்கள் பஸ் பிடித்து வந்து குடித்துவிட்டுப் போகிற ஊர் இது. இங்கே ஒரு வீட்டுக்காரருக்கு விருந்தாளிக்கு ஊற்றிக் கொடுக்கத் தெரியவில்லை என்றால் தலைகுனிவு ஊருக்கே. எனவே அவரே ஊற்றினார். பாட்டில் காலையிலிருந்து ஜன்னலோரம் வெயிலில் இருந்தது அவருக்கு உறைக்கவில்லை.

நடராசன் ஒரு வாய் குடித்துவிட்டுச் சபையைப் பார்த்தார்.

"தொண்டைக்கு இதமாத்தான் இருக்கு, சம்பந்தி. மிளகு போட்டீங்களா, வெறும் சுக்குதானா?"

எண்பது பேர் சிரித்தார்கள். சமையலுக்கு வந்த கருப்பையன் அன்று சாயங்காலமே அம்பகரத்தூர் பஸ்ஸில் ஊர் திரும்பினார். 'கஷாய வீடு' என்ற பெயரும் அதே பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் போனது.

3

மே மாதம் கல்யாணப் புடவை எடுக்க நடராசன் மறுபடி வருவதாகப் போன் செய்தார்.

"ரெண்டாவது பாட்டில் பத்திரமா இருக்கா? குடிக்கும்போது பதினெட்டு டிகிரி இருக்கணும், சம்பந்தி. ஃப்ரிட்ஜ்ல மட்டும் வச்சிடாதீங்க, அது கொலை."

பாட்டில் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் இருந்தது. வீட்டிலிருந்த காய்ச்சல் தெர்மாமீட்டரோ முப்பத்தைந்துக்குக் கீழே எண்ணே இல்லாதது. பக்கத்து வீட்டு அன்பழகன் தன் இறால் பண்ணையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார்.

"இருபத்தெட்டுல இறால் கும்முன்னு தீனி எடுக்கும்ணே. பதினெட்டுக்குப் போனா மல்லாந்துடும்."

(அன்பழகனைக் கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். தெர்மாமீட்டர் அவருடையது. இருக்கட்டும்.)

தெட்சிணாமூர்த்தி ஓர் இரவு முழுக்க யோசித்தார். பாட்டிலைக் குளிர வைத்தால் வெளியே எடுத்ததும் சூடேறும். அறையையே பதினெட்டு ஆக்கிவிட்டால்? படுக்கையறையில் ஏ.சி. இருக்கிறது. ரிமோட்டில் பதினாறு வரை இறங்கலாம்.

"சம்பந்தியைப் போயி படுக்கையறையில உக்கார வப்பாங்களா?" என்றார் மனைவி கல்யாணசுந்தரி.

"கட்டிலை நிமித்திச் செவுத்தோட சாத்திட்டா அது ஹாலுதான்."

4

பகல் பன்னிரண்டு மணி. வெளியே முப்பத்தெட்டு. உள்ளே ஆறு பேர்: கணவன், மனைவி, மகள், நடராசன், சம்பந்தியம்மாள், தெர்மாமீட்டருக்குக் காவலாக அன்பழகன். எல்லோருக்கும் சால்வை. கல்யாணசுந்தரி குரங்குக் குல்லாய் போட்டிருந்தார். (இந்த வரியை எடுக்கச் சொன்னார். எடுக்கவில்லை.) பாட்டில் நடுவில் ஸ்டூலின் மேல். தெர்மாமீட்டர் ஜன்னல் கண்ணாடியோரம்.

இருபத்து மூன்று. அசையவில்லை.

"ஆள் சூடுண்ணே," என்றார் அன்பழகன்.

"அப்ப நீ கெளம்பு."

அவர் போனார். இருபத்திரண்டரை. மனைவியும் மகளும் போனார்கள். இருபத்தொன்றரை. சம்பந்தியம்மாள் பல் கிட்டித்து, கேட்காமலே எழுந்து போனார். இருபத்தொன்று. நடராசன் கனத்த சரீரம்.

"தப்பா எடுத்துக்கக் கூடாது, சம்பந்தி. நீங்க ஒரு நிமிஷம்…"

"நானுமா? குடிக்கப் போறதே நான்தானே?"

"நீங்க போனா ரெண்டு டிகிரி கொறையும்."

கடைசியில் தெட்சிணாமூர்த்தியும் வெளியே தாழ்வாரத்துக்கு வந்து கதவைச் சாத்தினார். கண்ணாடி வழியாக எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பத்தொன்பது. பதினெட்டரை.

பதினெட்டு.

உலகத்தில் அந்த நேரத்தில் அவ்வளவு சரியான சூட்டில் ஒரு பாட்டில் இருந்திருக்காது. அன்பழகன் கைதட்டினார். நடராசனும் தட்டினார். பிறகு, "சரி, தொறங்க," என்றார்.

தெட்சிணாமூர்த்தி தாழ்ப்பாளில் கை வைத்தார். திறந்தால் முப்பத்தெட்டு உள்ளே போகும். கூடவே சம்பந்தியும் போவார்.

5

முடிவு, முதல் வகை: நடராசன் உள்ளே போய்க் குடித்துவிட்டுக் கண் கலங்கி, "பாரிஸ்ல கூட இப்படிக் குடிச்சதில்ல, சம்பந்தி," என்கிறார்.

எழுதிக் காட்டினேன். "இது நடக்கவே இல்லியேங்க," என்றார் கல்யாணசுந்தரி. நடக்காததை எழுதுவதும் எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாம் வகை: அந்த நொடியில் கரண்ட் போகிறது. என் தம்பி மின்துறையில் இருக்கிறான். எழுத மாட்டேன்.

மூன்றாவது, நடந்தது. நடராசன் தாழ்வாரத்தில் நான்கு டம்ளர் மோர் குடித்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"சம்பந்தி, வெறகுக் கட்டை மாதிரி காயிறேன். அந்தக் கஷாயமே தேவலாம், ஊத்துங்க."

கல்யாணசுந்தரி பக்கத்தில் வந்து காதோடு சொன்னார்: "கஷாய வீடுங்கிறது போயி, சம்பந்தியை வெளியில நிறுத்துன வீடுன்னு ஆயிடப் போவுது. தொறங்க."

திறந்தால் பழைய பெயர். திறக்காவிட்டால் புதுப் பெயர். நான் கதவுக்கு முதுகைக் கொடுத்து நிமிர்ந்து நின்றேன். (அவர் நின்றார் என்று படிக்கவும்.)

இதற்கு மேல் எழுதினால் இரண்டில் ஒரு பெயரை என் கையாலேயே எழுதியதாகும். அதை என்னால் செய்ய முடியாது. வாசகரே, நான் விலகிக்கொள்கிறேன். தாழ்ப்பாள் இனி உங்கள் கையில். திறப்பதோ திறக்காமல் விடுவதோ, சம்பந்திக்கு என்ன பதில் சொல்வதோ, எல்லாம் உங்கள் பொறுப்பு.

திறப்பதானால் ஒரே ஆளாகப் போங்கள். உள்ளே போனதும் கதவைச் சாத்திவிடுங்கள்.