மக்களே மதில்

ஸ்காபரோவில் மண்டபத்து வாசலில் காரை நிறுத்திய பிறகுதான் துர்க்கா அதைச் சொன்னாள்.

"அப்பா, கனடா ஆமியிலை ரிசேர்வ்ஸுக்கு, பகுதிநேரப் படைக்கு, எழுதிப் போட்டனான். எடுத்திட்டினம். வாற வெள்ளி சத்தியம் எடுக்கிறது. நீங்கள் ஓம் எண்டால் சந்தோசமாய்ப் போவன்."

"விசரே உனக்கு?" என்றார் இராஜரட்ணம். அதற்கு மேல் சண்டை பிடிக்க அவருக்குத் தெம்பில்லை. இரவு முழுக்க வெயார்ஹவுஸில் பெட்டி தூக்கிவிட்டு, குளித்த கையோடு கூட்டத்தில் பேச வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைதானே நம்மவர்களுக்கு அரசியல் பேச நேரம் கிடைக்கிறது!

கூட்டத்தை நடத்தும் பத்மநாதன் விளக்கேற்றி, ஊரில் போரில் இறந்தவர்களுக்கு அகவணக்கம் சொன்னார். எல்லோரும் எழுந்து தலை குனிந்தார்கள். வழக்கமாக அந்த ஒரு நிமிடத்தில் இராஜரட்ணம் தன் முதல் வசனத்தை மனதுக்குள் சரிபார்ப்பார். இன்று நினைவில் தங்கை தயாநிதிதான் வந்து நின்றாள். பள்ளிக்கூடப் பையோடு வீட்டை விட்டு இறங்கிப் போராட இயக்கத்துக்குப் போனவள், திரும்பி வரவேயில்லை.

பிறகு பேசினார். மக்களே நாட்டின் மதில் என்று ஹோ சி மின் நம்பியதையும், இன்றைய வியட்நாமின் பாதுகாப்பு அந்த நம்பிக்கையில்தான் நிற்கிறது என்பதையும் விளக்கினார். பெரிய படைக்குப் பின்னால் பிரதேசப் படை, அதற்கும் பின்னால் ஊர்ச்சனத்தின் படை. அந்நியத் தளமும் இல்லை, இராணுவக் கூட்டணியும் இல்லை. திரையில் படங்களை ஓட்டியவள் துர்க்காதான்; அவற்றைத் தயாரித்தவளும் அவளே.

பத்மநாதன் வழக்கமான பெருமூச்சோடு கேட்டார்: "எங்கடை பிள்ளையளுக்கு இனி உந்த உணர்வு வருமோ, அண்ணை?"

இராஜரட்ணம் வாய் திறப்பதற்குள் கணினிக்குப் பக்கத்திலிருந்து துர்க்கா எழுந்தாள்.

"அப்பா, அந்த வியட்நாம் ஊர்களிலை பிள்ளை படைக்குப் போறன் எண்டு கேட்டால், தகப்பன்மார் ஓம் எண்டவையோ?"

பத்து வருடமாகப் பேசுகிறார். சனம், மதில், படை எல்லாம் வந்ததுண்டு. எந்தப் பேச்சிலும் ஒரு தகப்பன் வந்ததில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, களைப்பாக இருந்தது.

"எனக்குத் தெரியாது, பிள்ளை," என்றார் மைக்கில். "உன்ரை மாமி, என்ரை தங்கச்சி, ஆரையும் கேக்கேல்லை. நீ கேட்டனி. கேட்டபடியால் சொல்லுறன், நான் ஓம் எண்டு சொல்ல மாட்டன்."

ஒருவரும் கை தட்டவில்லை. பத்மநாதன் அவசரமாக, தேத்தண்ணியும் ரோல்ஸும் இருக்கு என்று அறிவித்தார்.

வீடு திரும்பும்போது துர்க்கா கார் ஓட்டினாள். சிவப்பு விளக்கில் கார் நின்றபோது இராஜரட்ணம் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

"வெள்ளிக்கிழமை எத்தினை மணிக்கு?"

"பின்னேரம் ஏழுக்கு."

"வேலைக்குப் போக முன்னம் நான் கொண்டு போய் விடுறன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். "அப்ப ஓமோ, அப்பா?"

"இல்லை," என்றார். "மாமி தனியத்தான் போனவள்."