வெண்புறா கிளப்பின் அழுக்குச் சட்டைகள்

மட்டாஞ்சேரி வெண்புறா கிளப் தோற்பதில் ஒரு நாணயம் இருந்தது. ஹாஃப் டைமுக்குள் தோற்று முடித்துவிடுவார்கள். கடைசி நிமிஷம் வரை ஆசை காட்டி மோசம் செய்கிற கெட்ட பழக்கம் அவர்களிடம் கிடையாது. முதல் பாதி முடிந்து விசில் ஊதியதும் ரசிகர்கள் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மைதானத்துக்கு எதிரே இருந்த நாணு சாமி கடைக்குப் போய்விடுவார்கள். அங்கே பாலில்லாத கட்டன் சாயாவும் அவித்த மரவள்ளிக் கப்பையும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலும் சூடாகக் காத்திருக்கும்.

நாணு சாமி பாலக்காட்டுக்காரர். கால்பந்தாட்டத்தை வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. முதல் பாதி எப்போது முடியும் என்பது மட்டும் அவருக்கு அத்துப்படி. அதற்கு ஏற்றாற்போல் அடுப்பில் கப்பையை ஏற்றுவார். ஆட்டத்தில் இரண்டாம் பாதி என்று ஒன்று உண்டு என்பதை அவரிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. சொல்லவேண்டிய ரசிகர்களே அதைப் பார்த்ததில்லை.

ரசிகர்கள் அத்தனை பேரும் சலவைத்துறைக் குடும்பங்கள். தாத்தா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், கோல் வாங்கினால் இரண்டும். ஆட்டத்தில் தோற்றாலும் சட்டையில் தோற்பதில்லை என்பது அவர்கள் கொள்கை. வெண்புறா ஆட்கள் மைதானத்தில் இறங்கும்போது எதிர்க்கட்சி ரசிகர்கள்கூடக் கண்ணைச் சுருக்கிக்கொள்வார்கள். அப்படி ஒரு வெள்ளை. காலரைத் தொட்டால் விரல் அறுபடும் என்று பேச்சு. கிளப்பின் காரியதரிசி ராக்கப்பன் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் ஏழு சட்டையையும் வெள்ளாவி வைத்து, துவைத்து, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, சிரட்டைக்கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, அடுத்த தோல்விக்குத் தயாராக அடுக்கி வைப்பார்.

எண்பத்து மூன்றாம் வருஷக் கோடையில் இந்த ஒழுங்கு கெட்டது. மழை பொய்த்துக் கிணறுகள் வற்றின. குழாயில் காற்று வந்தது. கிடைத்த தண்ணீரில் முதலில் வாடிக்கைத் துணி, அப்புறம்தான் சொந்தத் துணி என்பது துறையின் சட்டம். சட்டைகள் துவைபடாமல் கிடந்தன. பயிற்சி ஆட்டங்களின் வியர்வையோடு, செம்மண்ணோடு, வெண்புறா கிளப் ஏழு பேர் ஆடும் செவன்ஸ் பந்தயத்தின் முதல் ஆட்டத்தில் வைட்டிலா அணியோடு மோதியது.

வழக்கப்படி ஹாஃப் டைமில் எல்லோரும் நாணு சாமி கடைக்கு வந்தார்கள். ஆறுதல் பேச்சு முடிந்து இரண்டாவது சாயா ஓடிக்கொண்டிருந்தபோது செல்லதுரை உள்ளே வந்தான். அவன் ராக்கப்பனின் மச்சினன், அணியின் சென்டர் ஃபார்வர்ட். ஜெயித்துவிட்டோம் என்றான். வீரபாண்டி எழுந்து அவன் தோளைத் தட்டினார். துறையில் எதற்கும் காரணம் கண்டுபிடித்துச் சொல்பவர் அவர்தான்.

"பரவால்ல தம்பி. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"ஜெயிச்சாச்சுங்கறேன்."

"அதான் சொல்றேன், மனசு விடாதே. கப்பை சாப்புடு."

கடைசியில் சாயா குடிக்க வந்த ரெஃபரியிடம் கேட்டுத்தான் உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஜெயித்தால் என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை. வீரபாண்டிதான் முதலில் சுதாரித்தார். இத்தனை வருஷமாக இல்லாதது இன்றைக்கு என்ன இருந்தது என்று கேட்டார். எல்லோரும் செல்லதுரையைப் பார்த்தார்கள். பிறகு அவன் சட்டையைப் பார்த்தார்கள். வீரபாண்டி கிட்டே போய் முகர்ந்தும் பார்த்தார்.

அன்றிலிருந்து சட்டைகளைத் துவைக்கக் கூடாது என்று தீர்மானமாயிற்று. ராக்கப்பன் வீட்டில் ஒரு தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். யாராவது தெரியாத்தனமாக நனைத்துவிடாமலிருக்க வாசலில் மாறி மாறி ஆள் உட்கார்ந்தது. ஊர் அழுக்கையெல்லாம் வெளுக்கிற துறை, ஏழு சட்டை அழுக்கைக் காவல் காத்தது.

ராக்கப்பனின் மனைவி சுப்பம்மாள் இதை எதிர்த்தாள். வாடிக்கைத் துணி கொடுக்க வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலோடு போகிறார்கள், பெட்டியைத் தெருவில் வையுங்கள், இல்லையென்றால் என்னை வையுங்கள் என்றாள். ராக்கப்பன் பந்தயம் முடியட்டும் என்று எதற்கும் பொதுவாகப் பதில் சொன்னார்.

அடுத்த ஆட்டம் ஆலுவா அணியோடு. செல்லதுரை பந்தோடு வந்தால் ஆலுவா ஆட்கள் இரண்டடி விலகி நின்றார்கள். அவன் ஓட்டத்துக்குப் பயந்தா, வாடைக்குப் பயந்தா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஹாஃப் டைமில் இரு பக்கமும் கோல் இல்லை. வெண்புறா தோற்காமல் இருப்பதை ரசிகர்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிலருக்கு உட்கார்ந்து பார்க்கலாமா என்று தோன்றியது. ஆனால் கப்பை ஆறிவிடும். எழுந்து போய்விட்டார்கள். இரண்டாம் பாதியில் செல்லதுரை கோல் அடித்தான். சட்டை இன்னொரு தடவை ஜெயித்தது என்று வீரபாண்டி சொன்னார். கடையில் எல்லோரும் சட்டையைப் பாராட்டினார்கள்.

இறுதி ஆட்டம் தேவரா அணியோடு. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் செல்லதுரை ராக்கப்பன் முன்னால் வந்து உட்கார்ந்தான். தேவராக்காரர்கள் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்றான். இந்தப் பந்தயம் முடிந்ததும் போய்விடப் போவதாகச் சொன்னான். ராக்கப்பன் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"இங்க ஒனக்கு என்னடா கொறை?"

"மாமா, நான் இதுவரைக்கும் ரெண்டு மேட்ச்ல கோல் அடிச்சிருக்கேன். இந்தத் தொறையில ஒருத்தன், ஒரே ஒருத்தன், பாத்திருக்கானா?"

ராக்கப்பன் யோசித்துப் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை.

"நீங்க பாத்தீங்களா?"

"ரெண்டாம் பாதி நேரமாச்சேடா. கப்பை..."

"கப்பை. சட்டை. ரெண்டுந்தான் ஒங்களுக்கு ஆடுது. நாளைக்கு அந்தப் பெட்டியத் தொறந்து அந்த நாத்தத்தப் போட்டுக்கிட்டு நான் எறங்க மாட்டேன். வெளுத்த சட்டை குடுங்க, கடைசி வரைக்கும் ஒக்காந்து பாருங்க. இல்லேன்னா இப்பவே சொல்லிருங்க."

அவ்வளவுதான் சொன்னான். போய்ப் படுத்துக்கொண்டான்.

விடிந்ததும் காவலுக்கு வரவேண்டிய வீரபாண்டி சாயா குடித்துவிட்டு வருவதற்குள் ராக்கப்பன் பெட்டியைத் திறந்தார். திறந்த வாடையில் அவருக்கே கண் கரித்தது. வீட்டில் தண்ணீர் என்று இருந்தது சுப்பம்மாள் லாரியில் முண்டியடித்துப் பிடித்து வைத்திருந்த இரண்டு குடம் குடிதண்ணீர்தான். இரண்டையும் எடுத்துக்கொண்டு துவைகல்லுக்குப் போனார். முதல் சட்டையை நனைத்தார். இத்தனை வருஷத்தில் கிடைத்த இரண்டே வெற்றியைச் சவுக்காரம் போட்டுக் கரைப்பது சாதாரணக் காரியமா? கல்லில் அறைந்தார். செம்மண்ணாகப் போயிற்று வைட்டிலா. கருப்பாகப் போயிற்று ஆலுவா.

சத்தம் கேட்டு ஓடிவந்த வீரபாண்டி கல்லருகில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "அண்ணாச்சி, கொன்னுட்டீங்களே" என்றார். அவர் பின்னால் துறையே வந்து நின்றது. ராக்கப்பன் ஏழு சட்டையையும் பிழிந்து கொடியில் போட்டார்.

சாயங்காலம் அணி இறங்கியபோது சட்டை வெள்ளையாக இருந்தது, ஆனால் கசங்கியிருந்தது. ராசியான அழுக்கும் இல்லை, பெயர்போன மடிப்பும் இல்லை. ரசிகர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முதல் பாதியிலேயே தேவரா ஒரு கோல் போட்டது. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. உண்மையைச் சொன்னால் அதில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. பழகிய இடத்துக்குத் திரும்பி வந்துவிட்ட நிம்மதி. விசில் ஊதியதும் எல்லோரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். வீரபாண்டி மட்டும் ராக்கப்பனிடம் வந்து, வாங்க அண்ணாச்சி, நடந்தது நடந்துபோச்சு, கப்பை ஆறுது என்று கனிவாகக் கூப்பிட்டார். ராக்கப்பன் நான் இருக்கேன் என்றார். வீரபாண்டி அவரைத் துக்கத்தில் புத்தி பேதலித்தவரைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போனார்.

காலியான திட்டில் ராக்கப்பன் தனியாக உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் சுப்பம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு வந்தே?"

"எந் தண்ணி ரெண்டு குடமும் அங்க ஓடுது. எங்க ஓடுதுன்னு பாக்கணும்ல."

இரண்டாம் பாதி தொடங்கியது. ராக்கப்பன் தம் வாழ்க்கையில் பார்க்கிற முதல் இரண்டாம் பாதி. செல்லதுரை பந்தை வாங்கினான், ஒருவனைத் தாண்டினான், வேகம் பிடித்தான். ராக்கப்பன் திட்டின் நுனிக்கு நகர்ந்தார். பிறகு அவர் கவனித்தார்: அவன் தப்பான பக்கம் ஓடிக்கொண்டிருந்தான்.

சந்தேகமே இல்லை. முதல் பாதி முழுவதும் வெண்புறா காத்த போஸ்ட் தென்னை மரத்துப் பக்கம். தேவராவின் போஸ்ட் ரோட்டுப் பக்கம். செல்லதுரை தென்னை மரத்தைப் பார்த்து ஓடினான். அவன் மட்டுமில்லை, அத்தனை வெண்புறாவும் அவன் பின்னால் ஓடியது.

"ஏங்க, அது நம்ம போஸ்ட்டில்ல?" என்றாள் சுப்பம்மாள்.

ராக்கப்பனுக்குத் தேவரா கூப்பிட்டது ஞாபகம் வந்தது. போகிற இடத்துக்கு இப்போதே சீர் கொண்டு போகிறானா? கத்தலாம் என்று எழுந்தார். எழுந்தவருக்கு, தாம் கத்தினால் அவன் திரும்பிப் பார்ப்பான் என்று பட்டது. பார்த்தால், முதல் தடவையாகத் தன்னைப் பார்க்க ஒரு ஆள் இருக்கிறதைப் பார்ப்பான். அந்த ஆளும் நிறுத்து என்று கத்துகிறவனாக இருக்க வேண்டுமா? அவர் உட்கார்ந்தார்.

"அவன் போறான்னா ஒரு காரணம் இருக்கும்" என்றார்.

"சொந்த போஸ்ட்ல போடறதுக்கு என்னங்க காரணம்?"

"தெரியல. அவன் நல்லா ஆடறவன். விடு."

செல்லதுரை பந்தைத் தென்னை மரத்துப் பக்கத்து வலைக்குள் அடித்தான். காலியான திட்டில் ராக்கப்பன் ஒருவர் மட்டும் எழுந்து நின்று கை தட்டினார். மனசு கிடந்து அடித்துக்கொண்டது, கை தட்டியது. செல்லதுரை அந்தச் சத்தம் வந்த திசையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு மறுபடி ஓடி, மறுபடி அதே வலையில் இன்னொன்று போட்டு, செம்மண்ணில் நெஞ்சோடு சறுக்கிக்கொண்டு போனான். ராக்கப்பன் அதற்கும் தட்டினார்.

கடைசி விசில் ஊதியதும் தேவராக்காரர்கள் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். சொந்த போஸ்ட்டில் போட்டுக்கொண்டது நாம், அழுவது அவர்களா என்று ராக்கப்பன் குழம்பினார். சுப்பம்மாள் எழுந்துபோய் ரெஃபரியிடமே கேட்டுவிட்டு வந்தாள்.

"பாதி ஆட்டம் முடிஞ்சா பக்கம் மாத்திக்குவாங்களாம்" என்றாள். "எப்பவுமே அப்படித்தானாம்."

ராக்கப்பன் தென்னை மரத்தைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். இத்தனை வருஷம் காரியதரிசியாக இருந்தவர் அதற்குமேல் எதையும் பார்க்காமல் கோப்பையை வாங்கிக்கொண்டு செல்லதுரையோடு கடைக்கு நடந்தார்.

கடையில் துக்கம் களை கட்டியிருந்தது. வீரபாண்டி எழுந்து வந்து ராக்கப்பனின் தோளைப் பிடித்தார். "மனசு விடாதீங்க அண்ணாச்சி. அடுத்த வருசம்..." அதற்குள் அவர் கண் மேஜையில் வைக்கப்பட்ட கோப்பைமேல் விழுந்தது.

"இது யாருது?"

"நம்மளது."

வீரபாண்டி கோப்பையைத் தட்டிப் பார்த்தார். செல்லதுரையின் சட்டையை முகர்ந்தார். சவுக்காரமும் இன்றைய மண்ணும்தான் மணத்தது. ஒருவழியாக அவர் முகம் தெளிந்தது. "கஞ்சிதான்" என்றார். "அண்ணாச்சி கைக் கஞ்சி நல்லா ஏறியிருக்கும். அடுத்த வருசமும் அதே கஞ்சி."

"கஞ்சி போடலை" என்றார் ராக்கப்பன். "தண்ணியில்லாம ரெண்டு நாளா வீட்ல சோறே பொங்கலை. சாமி கடைக் கப்பைதான்."

"நீலம்?"

"தீந்துபோச்சு."

"இஸ்திரிப் பொட்டி போடலேன்னு நாங்களே பாத்தோம்" என்றார் இன்னொருவர் தாழ்ந்த குரலில்.

வீரபாண்டி கோப்பையைப் பார்த்தார், செல்லதுரையைப் பார்த்தார். அவன் கப்பையைச் சம்மந்தியில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான்.

"அப்போ..." என்றார் வீரபாண்டி, பயந்த மாதிரி. "பயலுகளாவா ஜெயிச்சாங்க?"

சுப்பம்மாள் வாசலிலிருந்து, சட்டையைக் கழட்டிக் குடுடா, லாரித் தண்ணி வந்திருக்கு, மண்ணு காயறதுக்குள்ள நனைக்கணும் என்றாள். செல்லதுரை, அடுத்த வருசத்துக்கும் வேணும்க்கா என்று சிரித்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தான். அதை யாரும் தடுக்கவில்லை. சட்டை வாசலைத் தாண்டிப் போகிறவரை வீரபாண்டியின் கை மட்டும் பாதி நீண்டு, பிறகு தானாகவே மடங்கிக்கொண்டது.

நாணு சாமி துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு ராக்கப்பனிடம் வந்தார். அவருக்கு விஷயம் பாதிதான் புரிந்திருந்தது. தொழில் சம்பந்தப்பட்ட பாதி.

"அப்போ இனிமேல்க்கு கப்பையை எப்போ ஏத்தறதாக்கும்?"

"ரெண்டாம் பாதி முடியறப்போ சாமி."

"ரெண்டாம் பாதியா?" என்றார் நாணு சாமி.