ஏரிப் பிராணிக்குக் கிடைத்த குரல்

எங்கள் டப்பிங் ஸ்டுடியோவில் குரல் இயக்குநராக இருந்தவரை முகத்துக்கு நேரே 'சார்' என்போம். அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் 'சர்க்கரை' என்போம். அத்தனை இனிப்பாகப் பேசுவார். ஒருநாளும் அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கொஞ்சம் மூக்கடைத்தாற்போன்ற மெல்லிய குரலில், "கண்ணு, இன்னொரு தடவை போலாமா?" என்பார். அப்படிக் கேட்டுக் கேட்டே புதிதாக வந்த ஒரு பெண்ணை அழவைத்து, வேலையே வேண்டாம் என்று ஓடவைத்தார். ஒலிப்பதிவு மேஜையில் உட்கார்ந்து பன்னிரண்டு வருஷம் அதையெல்லாம் துல்லியமாகப் பதிவு செய்து கொடுத்தவன் நான். என்மேலும் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது.

ஒரு வெளிநாட்டுப் படம் வந்தது. ஏரிக்கடியில் ஒரு பிராணி. கரையோரம் குடியிருப்பவர்களை ஒவ்வொருவராகத் தண்ணீருக்குள் கூப்பிடும், போனவர்கள் திரும்புவதில்லை. மூலத்தில் எல்லோரும் அதை 'மான்ஸ்டர்' என்கிறார்கள். தமிழில் என்ன சொல்வது என்று வசனம் எழுதுபவர் ஒரு காலைப்பொழுது முழுக்கத் தவித்தார். செய்கிற வேலையில் அக்கறை உள்ள மனிதர். எங்கள் இடத்துக்குக் கொஞ்சமும் ஒத்துவராதவர்.

"அரக்கன்னா மீசையும் கதாயுதமும் கூடவே வந்துடுது சார். பூதம்னா பிள்ளைங்க சிரிக்கும். பிசாசுன்னு போட்டா, வீட்ல குழந்தையக் கொஞ்சுறதே அந்த வார்த்தையிலதான். அசுரன் இப்ப பாராட்டா போச்சு. ஒருத்தன் ரெண்டு ஆள் வேலையப் பாத்தா அசுர உழைப்புங்கறோம்."

"எதுக்குக் கண்ணு இத்தனை? ராட்சசன்னு போடு, முடிஞ்சுது" என்றார் சர்க்கரை.

அவருக்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல் போதும். டேக் நன்றாக அமைந்தால் "நீ ராட்சசிம்மா" என்பார். சொதப்பினால் "ராட்சசி, உயிர வாங்காத" என்பார், அதே தேன்குரலில். மூலையில் சுழல்வது ராட்சச ஃபேன். எப்போது வருவீர்கள் என்று எனக்கு ஃபோன் செய்யும் என் மனைவியும் ராட்சசி. ஆனால் "சார் வேலைன்னு வந்துட்டா ராட்சசன்" என்று யாராவது அவரைச் சொல்லிவிட்டால் முகம் பூரித்துவிடும். சொன்னவனுக்கு அன்றைக்கு டீ உண்டு.

பிராணிக்குக் குரல் கொடுக்க அக்கா வந்தார். எங்கள் எல்லோருக்கும் அவர் அக்காதான். இருபது வருஷமாகப் பேய் பிசாசு எது வந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பேய்க்கு மூச்சிலிருந்து எடுப்பார், அரக்கிக்கு அடித்தொண்டையிலிருந்து. செருப்பைக் கழற்றிவிட்டு, வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு கண்ணாடி அறைக்குள் போய் நின்றார்.

முதல் உறுமலுக்கே என் மேஜையில் ஒலி அளவு காட்டும் ஊசி சிவப்பைத் தொட்டது.

"பயமே இல்லையே கண்ணு" என்றார் சர்க்கரை.

அடுத்ததில் சத்தம் அதிகமாம். அதற்கடுத்ததில் மிருகம்தான் தெரிகிறதாம். பத்து, பதினைந்து என்று போயிற்று. சாப்பாட்டு நேரமும் போயிற்று.

"எப்படி வேணும் சார்? ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க" என்றார் அக்கா.

"அதான் கண்ணு, ராட்சசன் மாதிரி. இன்னொரு தடவை போலாமா?"

அவருக்கே தெரியாது. தெரியாததை ஒத்துக்கொள்ளத் துப்பில்லாமல் அடுத்தவர் தொண்டையில் தேடிக்கொண்டிருந்தார். முப்பத்தோராவது டேக்கில் அக்காவின் குரல் பிசிறியது. திரும்பி நின்று துண்டில் துப்பினார். துண்டில் சிவப்பாக ஒரு கோடு. கண்ணாடி வழியே நான் பார்த்தேன்.

"சார், மிச்சத்த நாளைக்கு வெச்சுக்கலாமே" என்றேன்.

"நீ பட்டனை மட்டும் பாரு கண்ணு."

பட்டனைப் பார்த்தேன்.

அக்கா வெந்நீர் குடித்துவிட்டு மைக்குக்கு மிக அருகில் வந்தார். "ஒரு தடவை வேற மாதிரி பண்றேன். பிடிக்கலைன்னா கிளம்பறேன்" என்றார்.

பிராணி ஒரு விதவையைத் தண்ணீருக்குள் அழைக்கும் காட்சி. அக்கா உறுமவில்லை. கொஞ்சம் மூக்கடைத்தாற்போன்ற மெல்லிய குரலில், அவசரமே இல்லாமல் பேசினார். "வா கண்ணு. இன்னும் ஒரே ஒரு அடி. போலாமா?"

என் கை மயிர் சிலிர்த்தது. வசனம் எழுதுபவர் கீழே விழாத பேனாவைத் தேடி மேஜைக்கடியில் குனிந்துகொண்டார். அவர் எழுதியதில் 'கண்ணு' கிடையாது.

சர்க்கரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர் கண்ணைத் திறந்து, "இதான். இதான் ராட்சசன். எங்க வெச்சிருந்த இத்தனை நேரம்?" என்றார்.

"இங்கதான் சார் இருந்துச்சு" என்றார் அக்கா.

"அந்தக் 'கண்ணு' பிரமாதம். கேட்டாலே குளிருது. படம் முழுக்கப் போடு" என்று வசனம் எழுதுபவருக்கு உத்தரவாயிற்று. பதினோரு இடத்தில் போட்டோம். ஒவ்வொன்றையும் சர்க்கரை ரசித்து ரசித்துக் கேட்டார். மனிதனுக்குக் காது இருந்து என்ன பிரயோசனம்.

முன்காட்சிக்குத் தம் மனைவியை அழைத்து வந்தார். இருவரும் எங்களுக்கு முன்னால் இருந்த வரிசையில் உட்கார்ந்தார்கள். பிராணி முதல்முறை பேசியதும் அந்த அம்மாள் திரும்பிப் பக்கத்திலிருந்த கணவரைப் பார்த்தார். திரை வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மீதிப் படத்தையும் பார்த்து முடித்தார்.

வெளியே வந்ததும், "குரல் எப்படி?" என்று அவர் கேட்டார்.

"ரொம்பப் பழகின குரல் மாதிரி இருந்துச்சுங்க."

"கேட்டீங்களா?" என்று எங்களைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்.

படம் நன்றாக ஓடியது. அந்தக் குரலை அக்காவுக்கு மூன்று நாள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததாக ஒரு பேட்டியில் சர்க்கரை சொன்னார். அப்போது அக்கா பேசும் நிலையில் இல்லை. ஆறு வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த படத்துக்கு சர்க்கரை ஃபோன் செய்தபோது எடுத்தவர் அக்காவின் வீட்டுக்காரர். "அவ வரமாட்டா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். இப்போது அக்கா பார்வையற்றவர்களுக்காகப் பாடப்புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்கிறார். பொறுமையான, சொந்தக் குரலில்.

நான் சில மாதம் கழித்து வேறு ஸ்டுடியோவுக்கு மாறினேன். ரோஷம் வந்து மாறியதாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். அது வீட்டுக்குப் பக்கம், அவ்வளவுதான்.