எடுத்தவர் பெயர்

"என் தலையைக் காணோம்டி" என்று அம்மா தொலைபேசியில் சொன்னபோது, நான் கண்ணாடிக் கடையின் இருட்டறையில் ஒரு வாடிக்கையாளரின் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா வேலை நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை. கூப்பிட்டால் ஒன்று கேஸ் கசியும், இல்லாவிட்டால் உறவில் யாராவது போயிருப்பார்கள். "காலைல கூட இருந்துச்சு. இப்ப பாத்தா பழையபடி அந்தச் சாம்பல் பொம்மை உக்காந்திருக்கு. எவனோ என்னைத் தூக்கிட்டான்." குரல் வெளியே கேட்டிருக்க வேண்டும். வாடிக்கையாளர் சட்டத்தோடு என் பக்கம் திரும்பி, "யாரைங்க தூக்கிட்டாங்க?" என்று கவலையாகக் கேட்டார்.

அம்மா கால்பந்து நடுவராக இருந்தவள். முழங்கால் கைவிடும் வரை ஓடினாள். பிறகு விசிலைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டில் எங்களுக்கு ஊத ஆரம்பித்தாள். போன மாதம் முகம் தெரியாத ஒரு புண்ணியவான் இணையத்தில் உள்ள கட்டற்ற கலைக்களஞ்சியத்தில் அவளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிப் போட்டிருந்தார். எல்லாம் சரியாக இருந்தது. பிறந்த வருடம்கூடச் சரியாக இருந்ததில் மட்டும் அம்மாவுக்கு வருத்தம். ஆனால் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத ஒரு சாம்பல் நிற உருவம் இருந்தது. "இதுக்கு முடி கூட இல்லயே" என்று அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கைபேசியில் ஒரு படம் உண்டு. சேறும் மழையுமான மைதானம், வாயில் விசில், ஒரு கை மேலே, இரண்டு காலும் தரையில் இல்லை. அதை நான்தான் ஏற்றினேன். 'இது உங்கள் சொந்தப் படைப்பா?' என்று கேட்டது. என் அம்மா, என் இணையச் செலவு, வேறு யாருடைய படைப்பாம்? ஆம் என்று அழுத்திவிட்டு, குறிப்பு எழுதும் கட்டத்தில், 'இடது ஓரம் பெஞ்சில் குச்சி ஐஸ் சாப்பிடும் சிறுமி நான்தான்' என்றும் பெருமையாக எழுதி வைத்தேன். சில நாள் அம்மாவுக்குத் தலை இருந்தது. மருந்துக் கடைக்காரர், காவலாளி, முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண் என்று ஒருவரையும் விடாமல் காட்டினாள்.

படத்தை நீக்கியவர் பெயர் சோம்பேறிக்கொக்கு. அது அங்கே அவர் வைத்துக்கொண்டிருக்கும் புனைபெயர். வேலையைப் பார்த்தால் சோம்பேறியாகத் தெரியவில்லை. எனக்கு ஒரு செய்தி விட்டிருந்தார். 'வணக்கம். தங்கள் பங்களிப்புக்கு நன்றி. பெஞ்சில் அமர்ந்து குச்சி ஐஸ் சாப்பிட்டுக்கொண்டே, அதே நேரத்தில் தாங்கள் இப்படத்தை எடுத்திருக்க இயலாது எனக் கருதுகிறோம்.'

அம்மாவுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "மூஞ்சி என்னுது, விசில் என்னுது, வழுக்கி விழுந்து சேறானது என் சட்டை. இதுல இன்னொருத்தனுக்கு என்ன உரிமை?" அதை நாகரிகமாக மாற்றி எழுதிக் கேட்டேன். பதில் உடனே வந்தது: 'முகம் தங்கள் அன்னையாருடையது. படம், எடுத்தவருடையது. அவர் எழுத்து மூலம் அனுமதி அளித்தால் மகிழ்ச்சியுடன் மீட்டளிப்போம்.' அம்மா, "கட்டற்றதுன்னு பேரு வச்சுக்கிட்டு இத்தனை கட்டு போட்டிருக்கானே" என்றாள். பிறகு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர்களுடைய விதிகள் முழுவதையும் படித்தாள். விதிப்புத்தகம் என்றால் அவளுக்குக் கதைப்புத்தகம் மாதிரி. மாலையில் நான் வந்தபோது ஒத்தடப் பையை முழங்காலில் வைத்துக்கொண்டு வாடிய முகத்தோடு இருந்தாள். "கொக்கு சொல்றது சரிதான். அது உங்கப்பா எடுத்தது."

அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் வருவதில்லை. அப்பாவும் அம்மாவும் சட்டப்படி பிரிந்து பல வருடமாகிவிட்டது. அம்மா அவரைக் குறிப்பிட வேண்டி வந்தால் 'எதிர்த்தரப்பு' என்பாள். எதிர்த்தரப்பிடம் போய் ஒரு உதவி கேட்பதைவிடச் சாம்பல் பொம்மையாகவே இருந்துவிடுகிறேன் என்றாள். சரி, வேறு படம் பார்ப்போம் என்று தேடினோம். அப்போதுதான் ஒன்று உறைத்தது. நடுவரைப் படம் எடுக்க மைதானத்துக்கு யாரும் வருவதில்லை. பத்திரிகைப் படங்களில் அம்மா ஒரு தோளாக, அரை முதுகாக, சில இடங்களில் வெறும் முழங்கையாக இருந்தாள். அதற்கும் உரிமை பத்திரிகைக்காரர்களுடையது. மொட்டை மாடியில் விசிலைக் கொடுத்து நானே புதிதாக ஒன்று எடுத்தேன். போக்குவரத்து நெரிசலைச் சமாளிக்க நிற்பவள் போல இருந்தாள். அதைப் பார்த்துவிட்டு அம்மா விசிலைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "நான் ஓடினேன்னு காட்டுறதுக்கு அது ஒண்ணுதான் இருக்கு" என்றாள். மறுநாளே அப்பாவைப் பார்க்கக் கிளம்பினேன்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், மேல் மாடியில். மூச்சு வாங்க உட்கார்ந்ததும் தண்ணீர் கொடுத்தார். வந்த விஷயத்தைச் சொல்லி, கொக்கு அனுப்பியிருந்த அனுமதிக் கடிதத்தின் வாசகத்தைப் படித்துக் காட்டினேன்.

"யாரு வேணா எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கலாம்."

"மாத்தலாமா?"

"மாத்தலாம். விக்கவும் செய்யலாம்."

"மீசை வரையலாமா?"

"வரையலாம்ப்பா."

"உங்கம்மாகிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். எவன் வரையறான்னு பாக்கறேன்னு சொன்னாங்க."

அப்பா சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கடைசி வரிக்கு வந்தேன்: ஒருமுறை கொடுத்த உரிமையை எக்காரணம் கொண்டும் திரும்பப் பெற முடியாது. "இந்தக் கண்டிஷனைக் கல்யாணத்துலயே போட்டிருக்கணும்" என்றார். நான் இன்னொரு வாய் தண்ணீர் குடித்தேன். பிறகு பெயர் விஷயத்தைச் சொன்னேன். படத்தை எங்கே போட்டாலும் எடுத்தவர் பெயரையும் போட வேண்டும் என்பது ஒரு வகை உரிமம். பெயரே வேண்டாம் என்று முழுசாக விட்டுக்கொடுப்பது இன்னொரு வகை. அப்பா யோசிக்கவே இல்லை.

"பேரு வேணாம்மா. அவ படத்துக்குக் கீழ என் பேரைப் பாத்தா அவளுக்குப் பிடிக்காது."

இதைக் கேட்டால் அம்மா நிம்மதியாவாள் என்று நம்பி வீட்டுக்கு வந்து சொன்னேன். அவளோ ஒத்தடப் பையைத் தூக்கி ஓரமாக வைத்தாள். "அதெப்படி? கோல் அடிச்சவன் பேரை விட்டுட்டு ஸ்கோர் எழுதுவாங்களா?"

"உனக்குப் பிடிக்காதுன்னுதான் சொன்னாரு."

"பிடிக்குது பிடிக்கலங்கறது வேற கதை. எடுத்தது அவருதானே? பேரு வரணும். இல்லன்னா எனக்கு அந்தப் படமே வேணாம்னு சொல்லு."

இரண்டு நாள் எனக்கு இதுதான் வேலை. பெயர் வேண்டாம் என்று அவர், போட்டே ஆக வேண்டும் என்று இவள். சேர்ந்திருந்த காலத்தில் இருவரும் ஒருவருக்கொருவர் இப்படி விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. கடைசியில் அம்மாவே ஜெயித்தாள். அப்பா பெயரோடு கடிதம் அனுப்பினார். சோம்பேறிக்கொக்கு நன்றி சொல்லிவிட்டு, உறுதி செய்துகொள்ள கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பையும் அனுப்பி வைக்கும்படி பணிவோடு கேட்டார். அப்பாவுக்கு ஒரு கோப்பைத் தனியாகப் பிரித்து அனுப்பத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் எடுத்ததையெல்லாம் மொத்தமாக ஓரிடத்தில் ஏற்றி, அதன் சுட்டியை எனக்கு அனுப்பிவிட்டார். 'எது வேணுமோ எடுத்துக்குங்க' என்று ஒரு வரி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தோம். படம் மாற்றிப் படமாக அம்மா. மழையில் அம்மா, வெயிலில் அம்மா, கடிகாரத்தைப் பார்க்கும் அம்மா, குனிந்து ஷூ கயிறு கட்டும் அம்மா. வெகு தூரத்திலிருந்து எடுத்த ஒன்றில் இருபது பேருக்கு நடுவே விரல் நுனி அளவுக்கு அம்மா. ஆனாலும் படத்தின் சரி நடுவில். தெரிந்த போட்டிகளெல்லாம் வந்தன. நான் சாப்பிட்ட ஐஸ்களும் வரிசையாக வந்தன. அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"பந்து எங்கடி?"

அதன் பிறகுதான் நானும் கவனித்தேன். ஒரு படத்திலும் பந்து இல்லை. ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள், பின்னால் இருந்த கூட்டம் முழுக்க அதே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது, கேமரா மட்டும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரு ஜெயிச்சாங்கன்னு கேட்டா முழிப்பாரு" என்றாள் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "என் ஆட்டத்தைப் பாக்க வந்துட்டு எங்க பராக்கு பாத்துட்டு இருக்கீங்கன்னு கத்துவேன். ஒரு தடவ கூடப் பதில் சொன்னதில்ல."

நான் அடுத்ததை அழுத்தினேன். அதில் அம்மா நேராக எங்களைப் பார்த்து விரலை நீட்டிக்கொண்டிருந்தாள், முகம் முழுக்கக் கோபம். "கோட்டைத் தாண்டி உள்ள வந்துட்டாரு. ஆட்டத்தையே நிறுத்தி வெளிய போகச் சொன்னேன்" என்றாள். மறுபடி அழுத்தினேன். அதே இடம், ஒரு நொடி கழித்து. அம்மா பக்கவாட்டில் திரும்பி நடந்துகொண்டிருந்தாள். யாருக்கும் தெரியாமல் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் சுருங்கி, அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"எல்லாத்தையும் ஏத்திடு. அவர் பேரைப் போட்டு" என்றாள் கடைசியில். "இது மட்டும் வேணாம்."

"எடுத்தவர்தான் சரின்னு சொல்லிட்டாரேம்மா."

"நான் சொல்லல." கையை நீட்டினாள். "நம்பர் போட்டுக் குடு. எடுத்தவர்கிட்ட நானே பேசிக்கறேன்."

போட்டுக் கொடுத்தேன். வெறும் குரல் அழைப்புதான். மணி அடிக்க ஆரம்பித்ததும் அம்மா கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் தலைமுடியைச் சரிசெய்தாள்.