நாலாம் தொட்டிக்குக் கூடிய காற்று

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் நான்கு நீளத் தொட்டிகளுக்கும் ஒரே விசிறிதான் காற்று ஊதும். தொட்டிக்கொரு தகட்டுக் கதவு. அதைத் திருப்பிக் காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். மனிதர் கையில் விட்டால் அடுத்தவர் காற்றைப் பறிப்பார்கள், எல்லாவற்றையும் கருவியே பிரிக்கவேண்டும் என்று பொறியியலாளர் மதுரன் மனேஜரிடம் வாதாடிக்கொண்டிருந்தார். மனேஜரோ ஆதாரம் கேட்டார்.

கடவுள் கண் திறந்தார். ஒரு மத்தியானம் நாலாம் தொட்டியில் மட்டும் காற்று சீறியது. மதுரன் ஓடினார்.

"காத்தைக் களவெடுக்கிறீங்களோ, ஜெயந்தினி?"

நாலாம் தொட்டியைப் பார்க்கும் ஜெயந்தினி திருதிருவென விழித்தாள். அவளுடைய கதவு இருந்தபடியே இருந்தது. மற்ற மூன்றும் பாதி சாத்தியிருந்தன.

"நாங்கதாங்க ஐயா சாத்துனோம்," என்றாள் மூன்றாம் தொட்டி மாரியாயி. "இவ புருஷன் பதுளை ஆஸ்பத்திரியில கெடக்காரு. இவ கொழுந்து வெரசா வாடுனாத்தானே போய்ப் பாக்க முடியும்? எங்க கொழுந்து யாரப் பாக்கப் போவுது!"

மனேஜர் கேட்ட ஆதாரம் முழுசாகக் கிடைத்துவிட்டது, மதுரன் சொன்னதற்கு நேர் எதிராக. பிறகு அவரே மூன்றாம் கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினார்.

ஜெயந்தினி பஸ்ஸைப் பிடித்தாள். மாலையில் மனேஜர் விசாரித்தார்.

"காத்து சரியாத்தான் பிரியுது, சேர்," என்றார் மதுரன். "கருவி இப்ப வேண்டாம்."