எழுதிக் கொடுத்த தண்ணீர்

கெங்கம்மாள் மூன்றாவது பாத்திக்கு மடை திருப்பிக்கொண்டிருந்தபோது வாய்க்காலில் தண்ணீர் மெலிந்து, பிறகு நின்றேபோனது. கரண்ட் போயிருக்கும் என்று மண்வெட்டியை வரப்பில் சாய்த்துவிட்டுக் கிணற்றடிக்கு வந்தாள். அங்கே ஒரு ஜீப் நின்றிருந்தது. லைன்மேன் மோட்டார் கொட்டகைக்குள் ஒயரைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஃபைலோடு ஓர் அதிகாரி. அவருக்குப் பக்கத்தில், செத்துப்போன அவள் புருஷனின் அண்ணன் எல்லப்பன், தலையைக் குனிந்தபடி.

விஷயம் அவளுக்கும் அரசல்புரசலாகத் தெரியும். இரண்டு வருடமாக மழையில்லை. ஆரணிக்குக் குடிநீர் எடுக்கிற ஆற்று ஊற்று வற்றிக்கொண்டே வந்தது. கரையோரக் கிணறுகளில் இறைப்பதால்தான் ஊற்று இறங்குகிறது, இனிமேல் இறைக்கவே மாட்டேன் என்று எழுதிக் கொடுப்பவருக்குச் சர்க்கார் நஷ்டஈடு தரும் என்று ஊரில் தண்டோரா போட்டிருந்தார்கள். அது யாரோ பெரிய நிலக்காரர்களுக்கு என்று அவள் நினைத்திருந்தாள்.

"கதிரு வந்து நாலு நாளுதாங்க ஆவுது. அறுத்துக்கிறேன். அப்பால இன்னா வேணா பண்ணிக்குங்க."

"எழுதிக் குடுத்தவரு இவரும்மா. கெணத்து பட்டா, கரண்ட் சர்வீஸ் ரெண்டும் இவர் பேர்லதான் இருக்கு" என்றார் அதிகாரி. குரலில் கடுமை இல்லை.

"பாதி எங்களுதுங்க. அவரு ஒரு நாளு, நாங்க ஒரு நாளுன்னு பதினாலு வருசமா எறச்சிகினு வரோம். எங்க வூட்டுக்காரரும் எறங்கி வெட்டுன கெணறு."

"அதுக்கு ஏதாச்சும் பேப்பர் இருக்கா?"

அண்ணன் தம்பிக்குள் யார் பேப்பர் எழுதுவார்கள்? அவள் எல்லப்பனைப் பார்த்தாள்.

"நான் இன்னா பண்ணட்டும் கெங்கம்மா? இப்ப குடுக்கலைன்னா நாளைக்கி சும்மாவே புடுங்கிடுவாங்கன்னு சொன்னாங்க. உன் பங்க உன்கிட்ட குடுத்துடறேன்."

"பங்கா கேட்டேன் மாமா? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். கொட்டகைக் கதவில் அரக்கு வைத்து முத்திரை குத்தினார்கள்.

மறுநாள் பஸ் ஏறி ஆரணிக்குப் போனாள். ஆபீசில், அறுப்பு வரை இறைக்க விடும்படி எழுதிய மனுவை வாங்கிப் படித்த குமாஸ்தா, இது வேலூருக்குப் போய் உத்தரவு வரணும், ஒரு மாசமாவது ஆகும் என்றார். நெல்லுக்கு அது எப்படித் தெரியும் என்று நினைத்தபடியே வெளியே வந்தாள். திரும்பி வரும் வழியில் நெசவாளர் தெருக் குழாயடியில் குடங்கள் வரிசை கட்டிக் கிடந்தன. குழாயில் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒருத்தி இவளை ஏற இறங்கப் பார்த்து, "எந்த ஊரு அக்கா? உங்க ஊர்ல தண்ணி கீதா?" என்று கேட்டாள். அந்தக் குழந்தையின் உதடு வெடித்திருந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல், "கீதும்மா" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள்.

இறைப்பு நின்ற கிணறு மளமளவென்று ஊறியது. ஒரு வாரத்தில் ஐந்து படி மூழ்கிவிட்டது. குடிக்க மொண்டுகொள்ளத் தடையில்லை என்று சொல்லியிருந்தார்கள். அவள் குடம்குடமாகச் சுமந்து வயலில் ஊற்றிப் பார்த்தாள். வரப்பு ஓரத்திலேயே வெடிப்பு அதைக் குடித்துவிட்டது. நாற்பது குடத்துக்கு ஒரு பாத்தியின் மூலை கூட நனையவில்லை. எல்லப்பன் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு அந்தப் பக்கமாகவே போய்விட்டான். பத்தாம் நாள் பயிரின் தாள் நுனிகள் சுருண்டு வெளுக்கத் தொடங்கின. முழுக்கக் காய்ந்துவிட்டால் மாட்டுக்கும் ஆகாது.

அன்று காலை அவள் முள்வேலியை ஒரு பக்கம் இழுத்துப் போட்டாள். வீட்டிலிருந்து ஓட்டிவந்த பசு தயங்கி நின்றது. இந்த வயலில் வாய் வைத்ததற்கு எத்தனை அடி வாங்கியிருக்கிறது! "போ" என்று முதுகில் தட்டினாள். அது இறங்கிக் கதிர்களைச் சேர்த்து இழுத்து மென்றது. முற்றாத மணிகள் நசுங்கி, அதன் வாயோரம் வெள்ளையாகப் பால் வழிந்தது.